பத்தியோடு போன ஓட்டு

2017 ஜூன் மாதம் ஒருவருக்கு ஓட்டுப் போடலாம் என்று கிளம்பிப் போய், இன்னொருவருக்குப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை, கைதவறி மாற்றி அழுத்தவும் இல்லை. நல்ல நினைவோடுதான் அழுத்தினேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான், 'இதற்கா வந்தோம்?' என்று இருந்தது. அந்த எரிச்சல் எட்டு வருடம் உள்ளேயே கிடந்தது. 2025 ஜூனில் அதே தேர்தல் மறுபடி வந்தபோது கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். தீரவில்லை, இன்னும் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). எடிசன், ஓக் ட்ரீ சாலை என்றால் நம்மவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே கவர்னர் தேர்தல். இந்த மாநிலத்தில் கவர்னர் தேர்தல் எப்போதும் ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுவருடம், ஒற்றைப்படை ஆண்டில்தான் வரும். கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்டார்: "கவர்னருக்கு எதுக்குப்பா எலெக்‌ஷன்? டெல்லியிலேர்ந்துதானே அனுப்புவாங்க?" இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி என்றேன். "அப்ப நிஜ கவர்னர் யாரு?" அப்படி ஒருவர் கிடையாது என்று சொன்னதும், "அப்ப யாரு கூட சண்டை போடுவாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் நியூ ஜெர்சி கவர்னருக்கு நம் முதலமைச்சரைவிடக் கை நீளம். நீதிபதிகளை நியமிப்பார், அட்டர்னி ஜெனரலை நியமிப்பார், ஒவ்வொரு கவுண்டிக்கும் அரசு வழக்கறிஞரை நியமிப்பார். பட்ஜெட்டில் பிடிக்காத செலவை மட்டும் தனியாக அடித்துவிடலாம். 1947-இல் எழுதிய அரசியல் சட்டம் அவருக்கு அவ்வளவையும் கொடுத்திருக்கிறது. எத்தனையோ மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிகள் இங்கே அவர் கையெழுத்தில் நிரம்புகின்றன. ஆக, அந்த நாற்காலிக்கு யார் வருகிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. வருவதற்கு முன்னால் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதையும் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். விருப்ப மனு, அதற்கு ஒரு கட்டணம், தலைவர் வீட்டு நேர்காணல், கடைசி ராத்திரியில் மாறும் பட்டியல், எதுவும் இங்கே கிடையாதும்மா. யாருக்கு சீட் என்பதையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். புதுக் குடிமகன், அப்படித்தான் பேசுவான். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப தலைவருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்க ஏழு வருடம் ஆனது.

திரைக்குப் பின்னால்

2017-இல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் என் மனசில் இருந்தவர் ஜான் விஸ்னியெவ்ஸ்கி. சேர்வில்காரர், எங்கள் கவுண்டி ஆள். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு பாலம். 2013 செப்டம்பரில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் ஃபோர்ட் லீ ஊருக்கான மூன்று தடங்களில் இரண்டைத் திடீரென்று மூடினார்கள். ஊர் மூச்சு முட்டியது. பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் நகர முடியாமல் நின்றன. அப்போதைய கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியின் மறுதேர்தலுக்கு அந்த ஊர் மேயர் ஆதரவு தராததற்கான பழிவாங்கல் அது என்பது அரசுத் தரப்பு வாதம். கிறிஸ்டி தனக்கு எதுவும் தெரியாது என்றார். 'ஃபோர்ட் லீயில் கொஞ்சம் போக்குவரத்துப் பிரச்சினை உண்டாக்க நேரம் வந்துவிட்டது' என்ற பொருளில் அவருடைய அலுவலகத்தில் இருந்தவர் அனுப்பிய ஒற்றை வரி மின்னஞ்சல் வெளியே வந்தது. அந்தக் காகிதங்களைச் சம்மன் போட்டு வாங்கிய சட்டமன்றக் குழுவின் தலைவர் விஸ்னியெவ்ஸ்கி. அந்த வாரம் அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

எதிரில் ஃபில் மர்ஃபி. கோல்ட்மேன் சாக்ஸில் பெரிய பதவியில் இருந்து, ஒபாமா காலத்தில் ஜெர்மனிக்குத் தூதராகப் போய்வந்தவர். கைக்காசைப் பல மில்லியன் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஓட்டுப் போட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். மேசைக்குப் பின்னால் வெள்ளை முடிப் பாட்டி ஒருவர், என் பெயரை மூன்று தரம் முயன்றுவிட்டுச் சிரித்தார். அப்புறம் சத்தமாகக் கேட்டார்: எந்தக் கட்சி? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கட்சி எதுவும் பதியாதவன். அப்படிப்பட்டவர் பிரைமரியில் ஓட்டுப் போட வேண்டுமானால், அங்கேயே ஒரு கட்சியைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எதிர்வீட்டுக்காரர் வரிசையில் நிற்கிறார். என் அப்பா பள்ளி ஆசிரியர். எத்தனை தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறார்! யாருக்குப் போட்டார் என்று அம்மாவிடமே சொன்னதில்லை. அவர் மகன் ஒரு ஜிம் நடுவில் நின்று கட்சியைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். "டெமாக்ரட்டா?" என்று பாட்டி உறுதிப்படுத்திக்கொண்டதை ஜிம்மே கேட்டது. அன்றோடு என் பெயருக்குப் பக்கத்தில் கட்சி ஏறிவிட்டது. அந்தப் பட்டியல் யாரும் பார்க்கக்கூடியது. அடுத்த வருடத்திலிருந்து அஞ்சல் பெட்டி நிறைய வழவழ அட்டைகள்.

திரையை விலக்கி உள்ளே போனால், ஆள் உயரத்துக்குப் பெரிய பலகை. அதில் முழு வாக்குச்சீட்டும் விரித்து ஒட்டியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினால் பச்சையாக ஒரு பெருக்கல் குறி எரியும். மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகப் பெயர்கள். அதில் ஒரு பத்தி மட்டும் நிரம்பி வழிந்தது. மேலே கவர்னருக்கு மர்ஃபி, அதன் கீழ் மாநில செனட், அசெம்ப்ளி, கவுண்டி, ஊர்ப் பதவிகள் என்று ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல், பந்தியில் இலை போட்டு எல்லாம் பரிமாறி வைத்த மாதிரி. மற்றப் பத்திகளில் ஒரு பெயர், கீழே வெள்ளை. ஒரு பெயர், கீழே வெள்ளை. விஸ்னியெவ்ஸ்கி பெயரைத் தேடிக் கண்டும்பிடித்தேன். தள்ளி, தனியாக, கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமல் வந்து ஓரமாக நிற்பவர் போல இருந்தது.

அந்த நொடியில் என் தலையில் ஓடியதை நேர்மையாகச் சொல்கிறேன். 'இந்த நிரம்பிய பத்திதான் கட்சி. மற்றதெல்லாம் சுயேச்சை.' அவ்வளவுதான். இரட்டை இலையையும் உதயசூரியனையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? நம்மூரில் பெயரைப் படித்தா ஓட்டுப் போடுகிறோம்? சின்னத்தைத் தேடுகிறோம். சின்னம் இல்லாத இடத்தில் அந்தப் பத்தியே எனக்குச் சின்னமாகிவிட்டது. மேலிருந்து ஆரம்பித்த கை, கீழ்வரை பச்சை பச்சையாகப் போட்டுக்கொண்டே போனது. கடைசியில் ஓட்டைப் பதியும் பட்டன். முடிந்தது. மர்ஃபி கிட்டத்தட்ட 48 சதவீதம் வாங்கி ஜெயித்தார். விஸ்னியெவ்ஸ்கிக்கும், ஜிம் ஜான்சன் என்ற இன்னொருவருக்கும் ஆளுக்கு 22 சதவீதத்தை ஒட்டி.

லைன்

அந்தப் பத்திக்குப் பெயர் 'கவுண்டி லைன்'. சுருக்கமாக, 'லைன்'. நியூ ஜெர்சி அரசியல்வாதிகள் அந்தச் சொல்லைச் சொல்லும் தோரணையில், நம்மூரில் 'சீட்' என்று சொல்லும் தோரணை அப்படியே இருக்கும். லைன் கிடைத்துவிட்டது, லைன் போய்விட்டது, லைனுக்காகக் காத்திருக்கிறார். 21 கவுண்டிகளில் 19-இல் சீட்டு இப்படித்தான் இருந்தது. கவுண்டியின் கட்சி அமைப்பு யாரை ஆதரிக்கிறதோ, அவர்களெல்லாம் ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஆதரவு கிடைக்காதவர் ஓரத்துக்குப் போவார். அந்த ஓரத்தை இங்கே 'சைபீரியா' என்றே கிண்டல் செய்வார்கள். பாக்கி எல்லா மாநிலங்களும், ஏன், இதே மாநிலத்தில் சேலம், சசெக்ஸ் என்ற இரண்டு கவுண்டிகளும், பதவி வாரியாகத்தான் பெயரைப் போட்டன: கவர்னருக்கு நிற்பவர் எல்லாரும் ஒரே கட்டத்தில், பக்கம் பக்கமாக.

அந்த ஆதரவை யார் தீர்மானிப்பது? சில கவுண்டிகளில் கட்சிக் குழு உறுப்பினர்கள் கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். சில கவுண்டிகளில் தலைவர் ஒருவர் நினைத்தால் போதும். 2017-இல் 21 கவுண்டி அமைப்புகளும் மர்ஃபியை ஆதரித்தன, விஸ்னியெவ்ஸ்கியின் சொந்தக் கவுண்டியான மிடில்செக்ஸ் உட்பட. அதாவது நான் ஜிம்முக்குள் நுழைவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எங்கள் கவுண்டி பேசி முடித்துவிட்டது. அம்மாவின் கேள்விக்கு விடை அந்தப் பலகையில்தான் இருந்தது. தலைவருக்கு வேலை இருக்கிறது: பத்தி வரைவது.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியா சாஸ் ரூபின் என்ற பேராசிரியர் இதை வருடக்கணக்காக அளந்தார். ஒரே வேட்பாளர் லைனில் இருக்கும் கவுண்டியில் வாங்கும் ஓட்டையும் இல்லாத கவுண்டியில் வாங்கும் ஓட்டையும் ஒப்பிட்டால், சராசரி வித்தியாசம் 38 சதவீதப் புள்ளி. இதைப் படித்தபோது எனக்கு ஓர் அற்ப ஆறுதல்: சரி, நான் மட்டும் மடையன் இல்லை. அப்புறம் ஆறுதலே கசந்தது. என்னைப் போல எத்தனை பேர் கை தன்பாட்டில் கீழே இறங்கியிருந்தால் 38 வரும்?

பெரிய வெள்ளி

இந்தக் கதை திரும்பிய இடம் கவர்னர் தேர்தலே இல்லை. 2023 செப்டம்பரில், வாஷிங்டனில் நியூ ஜெர்சிக்கான செனட்டர் பாப் மெனண்டெஸ் மீது லஞ்ச வழக்கு பாய்ந்தது. வீட்டில் தங்கக் கட்டிகள், கோட்டுப் பைகளில் பணக்கட்டு. குற்றச்சாட்டு வந்த மறுநாளே, அந்த இடத்துக்கு நிற்கிறேன் என்றார் ஆண்டி கிம். கொரியாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன், அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நடத்திய கலவரம் முடிந்த ராத்திரியில் நாடாளுமன்றக் கட்டடத்தில் மண்டியிட்டுக் குப்பை பொறுக்கிய படத்தில் இருப்பவர். இரண்டு மாதம் கழித்து எதிரில் வந்தார் டாமி மர்ஃபி, கவர்னரின் மனைவி. அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனாலும் பெரிய கவுண்டிகளின் தலைவர்கள் சில நாட்களுக்குள் வரிசையாக அவருக்கு ஆதரவு அறிவித்தார்கள். நம்மூர்க்காரனுக்கு இதில் அதிசயிக்க ஒன்றும் இல்லை. எனக்கு அதிசயமாக இருந்தது மற்றொன்று: உறுப்பினர்களுக்கு ரகசிய ஓட்டு இருந்த இடங்களில் கிம் ஜெயித்தார். அதில் முதலாவது மான்மவுத், மர்ஃபி தம்பதியின் சொந்தக் கவுண்டி. தலைவரின் முகத்தைப் பார்க்காமல் எழுதச் சொன்னால் ஆட்கள் வேறு பெயர் எழுதுகிறார்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் கிம் நீதிமன்றம் போனார். இந்தச் சீட்டே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது வழக்கு. கவர்னர் நியமித்த அட்டர்னி ஜெனரலே, இந்தச் சட்டத்துக்காக என்னால் வாதாட முடியாது என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதிவிட்டார். சில நாட்களில் டாமி மர்ஃபி விலகினார். மார்ச் 29, பெரிய வெள்ளி. அலுவலகம் லீவு, தோட்டத்தில் போன வருடச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது. நீதிபதி ஸாஹித் குரேஷி தடை போட்டுவிட்டார். ஜூன் பிரைமரிக்குப் பதவி வாரிச் சீட்டுதான் அச்சடிக்க வேண்டும். அந்தத் தடை ஜனநாயகக் கட்சிக்கு மட்டும் என்று பிறகு தெளிவானதால், அந்த வருடம் ஒரே கவுண்டியில் ஒரு கட்சிக்குக் கட்டம், இன்னொன்றுக்குப் பழைய பத்தி என்ற வேடிக்கையும் நடந்தது. 2025-இல் சட்டமன்றமே சட்டத்தைத் திருத்தி எல்லாருக்கும் கட்டம் என்று ஆக்கியது. அத்தனை வருடம் அசையாத தூண், தள்ளிப் பார்த்ததும் அட்டை என்று தெரிந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தச் செய்தியை இரண்டு தரம் படித்தேன். விஸ்னியெவ்ஸ்கிக்கு ஏதோ கடன் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது, கொடுத்தது நான் இல்லை என்றாலும்.

ஆறு பெயர்

சரி, 2025. மர்ஃபி இரண்டு தடவை இருந்தாயிற்று, மூன்றாவது தடவை தொடர்ந்து நிற்க முடியாது. ஜூன் 10 பிரைமரி. குடியரசுக் கட்சியில் ஜாக் சியாட்டரெல்லிதான் என்பது முன்பே தெரிந்த கதை. 2021-இல் மர்ஃபியை மூன்று சதவீத வித்தியாசம் வரை விரட்டியவர், இந்த முறை மே மாதத்திலேயே டிரம்ப் ஆதரவும் கிடைத்துவிட்டது. ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர். தபாலில் வந்த மாதிரிச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். கவர்னருக்கு ஒரே கட்டம், ஆறு பெயரும் ஒரே எழுத்தளவில். எட்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தானே. ஆனால் எனக்கு மலைப்பாக இருந்தது.

ஆறு பேருமே ஏதோ ஒரு விதத்தில் தேறக்கூடியவர்கள் என்பதுதான் சங்கடம். மிக்கி ஷெரில்: கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், பிறகு அரசு வழக்கறிஞர், காங்கிரஸ் உறுப்பினர். ராஸ் பராக்கா: நூவர்க் மேயர், மே 9 அன்று அந்த ஊரில் குடியேறிகளை அடைத்துவைக்கும் தடுப்பு மையத்தின் வாசலில் கைதானவர், வழக்கு பத்தே நாளில் கைவிடப்பட்டது. ஸ்டீவன் ஃபுலாப்: ஜெர்சி சிட்டி மேயர், கவுண்டித் தலைவர்களின் பிடிக்கு எதிராகவே பிரசாரம் செய்தவர். ஜாஷ் கோட்ஹைமர்: பெர்கன் பக்கத்துக் காங்கிரஸ் உறுப்பினர், வரி குறைப்பேன் என்பதை மந்திரம் போல் சொன்னவர். ஷான் ஸ்பில்லர்: ஆசிரியர் சங்கத் தலைவர், சங்கப் பணம் அவருக்காகத் தண்ணீராக ஓடியது. ஸ்டீவ் ஸ்வீனி: வெகுகாலம் மாநில செனட்டை ஆண்டவர், 2021-இல் ஒரு லாரி டிரைவரிடம் தன் தொகுதியைப் பறிகொடுத்தவர். (அந்த ஒரு வரியை என் மகள் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.)

ஊர் பேச்சு முழுக்க வீட்டு வரியும் கரண்ட் பில்லும். ஜூன் 1 முதல் மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம் வரை ஏறியது. மே நடுவில் என்ஜின் டிரைவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம். நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில் ஓடவில்லை. எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் இதையெல்லாம் விட்டுவிட்டு யார் தீபாவளிக்கு எங்கே விளக்கேற்ற வந்தார் என்ற ஆராய்ச்சி. ஒருவர் எழுதினார்: "ஆறு பேர்ல யாருன்னு பார்க்க யாருக்கு நேரம்? கவுண்டி யாரைச் சொல்லுதுன்னு யாராவது சொல்லுங்க." அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். நேரம் இல்லை என்பது பொய் இல்லை. இரண்டு மணி நேர விவாதத்தை நானே ஒன்றரை வேகத்தில்தான் பார்த்தேன்.

மனசு ஃபுலாப் பக்கம் சாய்ந்தது. பத்தியை எதிர்த்தவர் என்ற ஒரே காரணம் எனக்குப் போதுமாக இருந்தது. பராக்கா பேசினால் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஆனால் ஜூன் முதல் வாரம் முழுக்க ஒரு குரல் உள்ளே நச்சரித்தது: நவம்பரில் சியாட்டரெல்லியை யார் தாங்குவார்? 2021-இல் மயிரிழை, 2024-இல் டிரம்ப் இந்த மாநிலத்தில் ஆறு புள்ளிக்குள் நெருங்கிவிட்டார். இதில் ஆசைப்பட்டவருக்கா போடுவது? பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் ஷெரில் முன்னால். அவருக்குப் பின்னால் ஏன் அவ்வளவு பேர் என்று கேட்டால், அவர் முன்னால் இருப்பதால் என்று பதில் வரும். கரகாட்டம் பார்க்கக் கூடின கூட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுவது மாதிரி.

அதே ஜிம். பாட்டி இல்லை, வேறொருவர். இந்த முறை கட்சி யாரும் கேட்கவில்லை, அதுதான் பதிவில் இருக்கிறதே. என்னோடு மகள், பதினெட்டு முடிந்து அவளுக்கு முதல் ஓட்டு. உள்ளே போய் நின்றபோது பத்தி இல்லை. வழிகாட்ட ஒன்றும் இல்லை. ஆறு பெயரையும் மேலிருந்து கீழ் படித்தேன், கீழிருந்து மேல் படித்தேன். கையைத் தூக்கி ஃபுலாப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, வெளியே யாரோ இருமினார்கள். ஷெரிலுக்குப் போட்டேன்.

காரில் மகள் கேட்டாள். எங்கள் வீட்டில் அப்பா காலத்து ரகசியமெல்லாம் இல்லை, சொன்னேன். அவள் பராக்காவுக்குப் போட்டிருந்தாள், அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தயக்கமும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "அப்பா, மிடில்செக்ஸ் டெமாக்ரட்ஸ் எண்டார்ஸ் பண்ணது யாரைன்னு தெரியுமா?" என்றாள். தெரியும். மார்ச்சிலேயே செய்தி வந்தது. ஷெரிலைத்தான். "அப்ப லைன் இருந்திருந்தா யாருக்குப் போட்டிருப்பே?" சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

யோசித்து எடுத்த முடிவு

ஷெரில் 34 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பராக்காவுக்கு 20-க்குச் சற்று மேல், ஃபுலாப்புக்கு 16. இங்கே இரண்டாம் சுற்றெல்லாம் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு போதும். நவம்பர் 4 அன்று சியாட்டரெல்லியைப் பதினான்கு புள்ளியை ஒட்டித் தோற்கடித்தார். 'யார் தாங்குவார்' என்று ஜூனில் நான் தூக்கம் கெட்டதைப் பார்த்து அந்த எண் சிரிக்கிறது. அந்த அலையில் ஆறு பேரில் எவரும் கரை சேர்ந்திருப்பார்களோ என்று ஒரு நாள் தோன்றும். ஷெரில் நின்றதால்தான் அவ்வளவு என்று மறுநாள் தோன்றும். இரண்டையும் நிரூபிக்க வழி இல்லை.

என்னைப் பிடித்து உலுக்குவது அது இல்லை. 2017-இல் நான் யோசிக்காமல் கவுண்டி சொன்னவருக்குப் போட்டேன். 2025-இல் மூன்று வாரம் படித்து, விவாதம் பார்த்து, பூத்துக்குள் வியர்த்து, கவுண்டி சொன்னவருக்கே போட்டேன். நண்பர் ஒருவர் சொல்கிறார், இரண்டும் ஒன்றில்லையாம். இரண்டாவது என் முடிவு, விடை ஒத்துப்போனது தற்செயல். இருக்கலாம். ஆனால் கவுண்டிகள் ஆதரித்ததால் பணம் வருகிறது, பணம் வந்ததால் விளம்பரம், விளம்பரத்தால் கணிப்பில் முன்னிலை, முன்னிலையால் 'இவர்தான் தாங்குவார்' என்ற என் யோசனை. அதை நான் யோசித்தேனா, யோசித்து வைத்ததை எடுத்துக்கொண்டேனா? பெர்கன் அமைப்பு கோட்ஹைமரை ஆதரித்தது, மாநிலத்தில் அவருக்கு நாலாவது இடம்தான். ஆக, ஆதரவு மட்டும் ஆளைத் தூக்கிவிடாது என்பதும் உண்மை. இந்த ஒரு தகவலை வைத்துத்தான் இரவில் என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன். பாதி நாள் வேலை செய்கிறது.

அப்படியென்றால் பத்தியே தேவலையா என்றால், கிடையவே கிடையாது. இந்தத் தடவை என் கையாவது நின்றது. ஃபுலாப் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பியது. அந்த நிற்றல்கூட 2017-இல் இல்லை. கோழைத்தனமாகத்தான் போட்டேன் என்றாலும் அது என் சொந்தக் கோழைத்தனம்.

டிசம்பர் விடுமுறையில் சமையலறை டிராயரைச் சுத்தம் செய்தோம். பீட்ஸா கடை அட்டை, தீர்ந்துபோன பேட்டரி, இவற்றுக்கு அடியில் மடித்த பழைய மாதிரிச் சீட்டு ஒன்று, பத்தி காலத்தது. மகள் அதை விரித்து, அருங்காட்சியகத்தில் நிற்பதுபோல் பார்த்தாள். நிரம்பிய பத்தியை விரலால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தவள், ஆக அடியில் நிறுத்தினாள். "இது என்னப்பா?" கட்சியின் கவுண்டிக் குழு உறுப்பினர் பதவி. ஒவ்வொரு சின்ன வாக்குப் பகுதிக்கும் இரண்டு பேர், அந்தந்தத் தெருக்காரர்களே. இந்த உறுப்பினர்கள் சேர்ந்துதான் கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அந்தத் தலைவர்தான் பத்தி வரைந்தவர். எங்கள் பகுதிக் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. பக்கத்தில், 'மனு தாக்கல் இல்லை'.

இத்தனை வருடம் மேலே கவர்னர் பெயரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த அடிக்கட்டத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

"யாருமே நிக்கலையா?" என்றாள். அடுத்த தடவை அப்பாவே நிற்கப்போகிறேன் என்றேன், பாதி விளையாட்டாக. அடுப்படியிலிருந்து மனைவி, "மாசம் ஒரு மீட்டிங்காம், ராத்திரி ஏழரைக்கு. போவியா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வருடம் வாசலில் வந்த ஒரு அம்மாள் அவளிடம் கேட்டுவிட்டுப் போனாராம். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

அம்மாவிடம் அந்த வாரம் பேசும்போது இதைச் சொன்னேன். "கட்சி ஆபீசுல போய் உக்காரப் போறியா? உங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாரு," என்றார். அப்புறம் அங்கே மழை எப்படி என்று பேச்சு போய்விட்டது.